ஆமோஸ் ஹிண்டிலின் லீவுச் சீட்டு

ஆமோஸ் ஹிண்டிலைப் பற்றி ராக்கன்டேலில் இன்றைக்கு யாரைக் கேட்டாலும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பேசுவார்கள். அவன் உயிரோடு இருந்தபோது இதே வாய்கள் என்ன பேசின என்று எனக்குத் தெரியும். நான் எஸ்தர் கெர்ஷா, கிராஸ்டேல் மில்லில் நான்கு தறி ஓட்டுகிறவள். என் தங்கை லெட்டியைக் கட்டிக்கொள்ள இருந்தவன் ஆமோஸ். கட்டிக்கொள்ளவில்லை. அது ஏன் என்று ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது, தெரிந்த பாதிப் பேர் தெரியாத மாதிரி நடிக்கிறார்கள். எனக்கு வாய் நீளம் என்று மில்லில் ஒரு பெயர் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆமோஸ் எங்கள் ஊர் ரோவர்ஸ் கிளப்பில் சம்பளத்துக்கு ஆடியவன். பந்து உதைப்பதையே பிழைப்பாக வைத்துக்கொண்டவர்கள் எங்கள் ஊரில் அதற்கு முன் மூன்று நான்கு பேர்தான். சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மில் விட்டதும் ஊரே மரச்செருப்பு தடதடக்க அவனைப் பார்க்க ஓடும். ஜெயித்தால் தோளில் தூக்கும். தோற்றால், 'இவனுக்கெல்லாம் சம்பளம் ஒரு கேடா' என்று கேட்கும். என் அப்பா ஜெபவீட்டில் பிரசங்கம் செய்கிறவர். அவர் ஆட்டம் பார்க்கப் போகமாட்டார், பாவமாம். ஆனால் சனிக்கிழமை ஐந்து மணிக்கு வாசலில் நின்று, போகிறவன் வருகிறவனிடமெல்லாம் எத்தனை கோல் என்று விசாரிப்பார்.

லெட்டியை ஆமோஸ் கேட்டு வந்தபோது அப்பா சொன்னது இது: "ஒரு மனுஷன்னா ஆறு நாள் வேலை செய்யணும், ஏழாம் நாள் ஜெபிக்கணும். ஒன்றரை மணி நேரம் பந்தை உதைச்சுட்டு வாரக் கூலி வாங்குறவனுக்கு என் பொண்ணு கிடையாது."

ஆமோஸ் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டு, "சரிங்க ஐயா" என்றான். அவ்வளவுதான். போய்விட்டான். அவனிடம் எனக்குப் பிடிக்காதது இதுதான். யார் தொப்பி உயரமாக இருக்கிறதோ அவர் சொல்வது சரி என்று நினைக்கிற ஆள். மைதானத்தில் ஆறடி ஆளை முட்டித் தள்ளுவான். வெளியே வந்தால் தபால்காரனுக்குக்கூட வழிவிட்டு ஒதுங்குவான்.

அவனுக்குத் தெரிந்த வேலையை மட்டும் குறை சொல்ல முடியாது. நான்கு வருடத்தில் ரோவர்ஸுக்குக் கிடைத்த பெனால்டி எல்லாவற்றையும் அவன்தான் அடித்தான், ஒன்றுகூடத் தவறவில்லை. எங்கள் தெருக்கோடிச் சுவரில் சுண்ணாம்பால் ஒரு கட்டம் போட்டு, மாலை முழுக்க அதிலேயே அடித்துக்கொண்டிருப்பான்.

"சலிக்கலையா உனக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அறுந்த நூலை நாள் முழுக்க முடிச்சுப் போடுறீங்களே, உங்களுக்குச் சலிக்குதா அக்கா? இதுவும் அப்படித்தான். தப்பாமப் பண்ணணும். அதுக்குத்தான் காசு."

தொள்ளாயிரத்துப் பதினாலில் சண்டை வந்தது. வந்த மூன்றாம் மாதம் மைதானத்தில் இடைவேளையின்போது கிளப் தலைவர் ஒரு பெட்டிமேல் ஏறி நின்றார். தலைவர் என்றால் எங்கள் மில் முதலாளி கிராஸ்டேல்தான், அவரில்லாமல் எங்கள் ஊரில் மழைகூடப் பெய்யாது. நாட்டுக்கு ஆள் தேவைப்படும்போது வாலிபர்கள் பந்து உதைத்துக்கொண்டிருப்பது வெட்கக்கேடு என்று முழங்கினார். முழங்கிவிட்டு இறங்கி, இரண்டாம் பாதியைக் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தார். ரோவர்ஸ் ஜெயித்ததும் கைதட்டினார். அவருடைய மகன்கள் இருவரும் மில் கணக்கறையில் நாட்டைக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை அவர் மனைவி மைதான வாசலில் வெள்ளை இறகுக் கட்டோடு நின்றாள். கோழை என்று நினைக்கிற ஆண்பிள்ளையின் சட்டையில் பெண்கள் குத்திவிடுகிற இறகு. ஆமோஸ் ஆட உள்ளே போகும்போது அவன் கோட்டில் ஒன்றைக் குத்தினாள். குத்திவிட்டு இலவசச் சீட்டில் முன்வரிசைக்குப் போய் அவன் ஆட்டத்தைப் பார்த்தாள். இப்படி ஒரு பிறவியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஆமோஸ் திங்கட்கிழமையே போய்ப் பெயர் கொடுத்துவிட்டான். கூடவே எங்கள் தெரு ஏனோக் ராம்ஸ்டனும். அவன் மரச்செருப்பு செய்கிறவன், தெருச் சிறுவர்களோடு ஆடும்போது கோல்கீப்பர். இருவரும் ஒரே பட்டாளத்தில் சேர்ந்தார்கள். இனி நான் சொல்வதில் கடலுக்கு அந்தக் கரையில், சண்டை நடந்த பக்கம் நடந்ததெல்லாம் ஏனோக் சொன்னது. வலது கையில் மூன்று விரல் போய் அவன் திரும்பி வந்த பிறகு, என் அடுக்களையில் உட்கார்ந்து வெங்காயம் போட்ட குடல்கறியைத் தின்றுகொண்டே சொன்னான். அவன் பொய் சொல்கிறவன் இல்லை. அதற்கு வேண்டிய மூளை அவனுக்குக் கிடையாது.

பதினாறாம் வருடக் கடைசியில் ஆமோஸுக்குத் தோளில் குண்டு உரசி, மான்செஸ்டர் ஆஸ்பத்திரியில் கிடந்தான். தேறியதும் கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் ஊருக்கு அனுப்பினார்கள். ஜனவரியில் திரும்பிப் போனான். மார்ச்சில் ஒருநாள் தறிக்கூடத்தில் லெட்டி என்னைப் பார்த்து உதட்டை அசைத்தாள். தறிச் சத்தத்தில் எங்களுக்குக் காது பயன்படாது, உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம். நாற்பது பேர் நடுவில் அந்த விஷயத்தைச் சொல்ல அவளுக்கு அதுதான் இடமாகக் கிடைத்தது. "குழந்தை அக்கா" என்றாள். நான் தறியை நிறுத்திவிட்டு அவளைக் கழிவறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன்.

அப்பா மூன்று நாள் யாரிடமும் பேசவில்லை. நான்காம் நாள் ரொட்டியைப் பார்த்துக்கொண்டு, "சரி, கட்டிக்கிட்டுத் தொலையட்டும்" என்றார். ஜெபவீட்டில் வேண்டாம், தன் முகத்தில் கரி பூச வேண்டாம் என்றார். ஊர்க்கோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை கல்யாண அறிவிப்பு வாசித்தார்கள். மூன்று முறையும் பின்வரிசையில் இருமல் சத்தம் கேட்டது. அத்தனை பேருக்கும் ஜூன் மாதத்தில் சளி பிடித்திருந்தது போலிருக்கிறது.

எங்கள் நாட்டுச் சட்டம் அப்போது இப்படி: கல்யாணத்துக்குப் பின் பிறந்தால்தான் குழந்தைக்குத் தகப்பன் உண்டு. ஒருநாள் முன்னால் பிறந்துவிட்டால், பிறகு நூறு கல்யாணம் செய்தாலும் அது முறைகேடாகப் பிறந்ததுதான். லெட்டிக்கு நாள் செப்டம்பரில். ஆமோஸுக்கு ஜூலையில் லீவு முறை வந்திருந்தது. இருபத்தோராம் தேதி சனிக்கிழமை பதினோரு மணிக்குக் கல்யாணம் என்று குருவிடம் சொல்லி வைத்தோம். லெட்டி சாம்பல் நிறப் பாவாடையின் இடுப்பைப் பிரித்துத் தைத்து வைத்துக்கொண்டாள்.

பதினாறாம் தேதி அங்கே அவன் லீவுச் சீட்டில் கையெழுத்தாகிவிட்டது. ஆனால் சீட்டு அவன் கைக்கு வரவில்லை. கர்னல் மேசையில் இருந்தது. காரணம், கோப்பை. சண்டைக்கு நடுவே பட்டாளங்களுக்குள் ஒரு கால்பந்துப் போட்டி நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஆட்கள் இறுதியாட்டம்வரை வந்திருந்தார்கள். பதினெட்டாம் தேதி புதன்கிழமை பீரங்கிப் படையோடு ஆட்டம். ஹிண்டில் ஆடி முடித்ததும் போகலாம் என்று கர்னல் சொல்லிவிட்டார். நாட்டுக்கு ஆபத்தான நேரத்தில் பந்து உதைப்பது வெட்கக்கேடு என்று சொல்லித்தானே அவனை அங்கே அனுப்பினார்கள்? இதை ஏனோக்கிடம் கேட்டேன். அவன் மென்றுகொண்டே, "அது சம்பளத்துக்கு உதைச்சாத்தான் வெட்கக்கேடு, எஸ்தர். சும்மா உதைச்சா பரவாயில்லையாம்" என்றான்.

அணிக்குத் தலைவர் லெப்டினன்ட் ஆப்ரி ஃபேன்ஷா. பெரிய பள்ளிக்கூடம், பெரிய கல்லூரி, அப்பாவுக்குத் தெற்கே எங்கேயோ ஒரு காடு முழுக்கச் சொந்தம். வாழ்நாளில் ஒரு காசு வாங்காமல் பந்து ஆடியவர். அதில் அவருக்கு மகா பெருமை. வாங்கத் தேவை இருந்தால்தானே வாங்குவதற்கு.

ஆட்டத்துக்கு முன் ஆமோஸ் அவரிடம் போய் நின்றான். அங்கேயும் ஏனோக்தான் கோல்கீப்பர், பக்கத்தில் கையுறை மாட்டிக்கொண்டிருந்தான்.

"சார், சனிக்கிழமை எனக்குக் கல்யாணம் சார்."

"அடடே. வாழ்த்துகள் ஹிண்டில்."

"இன்னைக்கு முடிஞ்சுட்டா சாயங்கால லாரியில ஏறிடலாம் சார். சரியாப் போய்ச் சேந்துடுவேன்."

"அப்போ ஜெயிச்சுட்டே போயிடலாம். என்ன?"

டிரா ஆனால் அடுத்த புதன்கிழமை மறு ஆட்டம் என்பது விதி. ஆமோஸ் முன் எப்போதும் ஆடாத மாதிரி ஆடினானாம். இரண்டு அணிக்கும் ஒவ்வொரு கோல். முடிய ஐந்து நிமிடம் இருக்கையில் அவன் பந்தோடு கோல் பக்கம் நுழைந்தபோது பீரங்கிப் படைக்காரன் ஒருவன் காலை வாரிவிட்டான். நடுவர் ஊதிவிட்டார். பெனால்டி.

ஏனோக் அந்தக் கோடியில் கையைத் தூக்கிக் குதித்தான். அவனைப் பொறுத்தவரை ஆட்டம் முடிந்துவிட்டது, ஆமோஸ் லாரியில் ஏறிவிட்டான். ஆமோஸ் எழுந்து, கால்சட்டையில் சேற்றைத் துடைத்துக்கொண்டு, பந்தைக் கொண்டுவந்து பெனால்டிப் புள்ளியில் வைத்தான். அப்போது ஃபேன்ஷா நிதானமாக நடந்து வந்தார்.

"நான் எடுத்துக்கறேன், ஹிண்டில்."

"சார், இத நான் அடிக்கிறேனே சார். எனக்கு லாரிக்கு நேரமாச்சு சார்."

"நான் எடுத்துக்கறேன்னு சொன்னேன்."

ஆமோஸ் ஒதுங்கிக்கொண்டான். ஒதுங்குவான் என்பது எனக்குத் தெரியாதா? அந்த மனிதர் இரண்டடி வைத்து, பந்தைப் பக்கவாட்டில் மெதுவாக, தொட்டிலை ஆட்டுகிற மாதிரித் தட்டிவிட்டார். அது கோலுக்கு நாலு கஜம் தள்ளிப் புல்லில் உருண்டு போனது. தவறி அல்ல. வேண்டுமென்றே.

அந்தக் கூட்டத்தாருக்கு இது ஒரு மதம். கனவான் வேண்டுமென்று தப்பாட்டம் ஆடமாட்டான். ஆகவே தப்பாட்டத்துக்கு ஒரு தண்டனை என்று விதிப்பதே கனவான்களை அவமானப்படுத்துவது. ஆகவே பெனால்டி கிடைத்தால் அதை வெளியே அடிப்பதுதான் கௌரவம். இப்படியே போகிறது அவர்கள் வேதம். காலை வாரிவிட்டவன் ஒரு கசாப்புக்காரனின் மகன் என்று ஏனோக் சொன்னான். அவன் வேண்டுமென்றுதான் வாரினான், கேட்டிருந்தால் அவனே சொல்லியிருப்பான்.

எதிரணி ஆபீசர்கள் கைதட்டினார்கள். நடுவராக நின்ற பாதிரியார் ஃபேன்ஷாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பார்த்துக்கொண்டிருந்த ஐந்நூறு சிப்பாய்களிடம் ஒரு சத்தம் இல்லையாம். ஆமோஸ் என்ன செய்தான் தெரியுமா? கோலுக்குப் பின்னால் நடந்து போய், அந்தப் பந்தை எடுத்துக்கொண்டு வந்து, எதிரணிக் கோல்கீப்பர் கையில் கொடுத்தான். ஆட்டம் டிரா ஆனது. நானாக இருந்தால் அதைக் கொண்டுபோய் அந்த ஆள் மண்டையில் வைத்து அடித்திருப்பேன்.

இங்கே நானும் லெட்டியும் வியாழன், வெள்ளி இரண்டு நாளும் லீவு ரயில் பார்க்க ஸ்டேஷனுக்குப் போனோம். சனிக்கிழமை நேராகக் கோயிலுக்கு. குரு அரைமணி நேரம் காத்திருந்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னெண்டு மணிக்கு ஒரு அடக்கம் இருக்கும்மா" என்றார். லெட்டி, "பரவாயில்லைங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். இருமுகிறவர்கள் கோயில் வாசலில் அன்றைக்கும் வந்து நின்றிருந்தார்கள்.

திங்கட்கிழமை அவன் கடிதம் வந்தது. 'மேட்ச் டிரா. புதன்கிழமை மறுபடி ஆடணும், வியாழன் கிளம்பிடுவேன். லெப்டினன்ட் சார் பெனால்டியை வெளியே அடித்துவிட்டார், அவர்கள் வழக்கம் அப்படியாம். அவர்மேல் கோபப்படாதே. நல்ல மனுஷர்தான். குருவிடம் அடுத்த சனிக்கிழமை கேட்டு வை. பாவாடை சரியாக இருக்கிறதா?' இவ்வளவுதான் கடிதம். நல்ல மனுஷராம். படித்துவிட்டு நான் அடுப்பங்கரையில் கத்தியது மூன்று வீடு கேட்டிருக்கும். லெட்டி கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள்.

மறு ஆட்டம் நடக்கவே இல்லை. அவன் கடிதம் எங்கள் கைக்கு வருமுன்பே, வெள்ளிக்கிழமையே, எல்லோர் லீவும் ரத்து என்று அங்கே உத்தரவு வந்துவிட்டது. பெரிய தாக்குதலுக்கு ஆயத்தம். பட்டாளம் முன்னால் நகர்ந்தது. முப்பத்தொன்றாம் தேதி விடியற்காலை, மழையில், முதல் வரிசையில் போனவர்களில் ஆமோஸும் ஒருவன். தாக்குதல் தொடங்கின கால்மணியில் ஒரு ஷெல் விழுந்தது. ஏனோக் பத்து கஜம் பின்னால் இருந்தான். அடக்கம் செய்ய ஒன்றும் கிடைக்கவில்லை என்றான். அதைச் சொல்லும்போது மட்டும் மெல்லுவதை நிறுத்தினான்.

சேதி அவன் அம்மாவுக்குத்தான் வந்தது. லெட்டி யார், அவளுக்குச் சேதி சொல்ல? ஹிண்டில் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரி மில்லுக்கு ஓடிவந்து, தறிக்கூட வாசலில் நின்று எனக்கு உதட்டால் சொன்னாள். நான் வாசிக்கிற அதே உதட்டை என் தங்கையும் வாசிப்பாள் என்பது அந்த நேரத்தில் எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. திரும்பிப் பார்த்தேன். லெட்டி தன் நான்கு தறிகளையும் ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் ஒன்பதாம் தேதி பெண் குழந்தை பிறந்தது. ரோடா என்று பெயர். ரோடா கெர்ஷா. பதிவாளர் தகப்பன் பெயர் எழுதுகிற இடத்தில் பேனாவால் ஒரு கோடு இழுத்தார். நானும் கூட இருந்தேன். ஆமோஸ் ஹிண்டில் என்று லெட்டி மூன்று முறை சொன்னாள், அவர் மூன்று முறையும் மன்னித்துக்கொள்ளச் சொன்னார். அப்பா அந்த ஞாயிறு ஜெபவீட்டில் போரில் விழுந்த வீரர்களுக்காக உருக்கமாக ஜெபித்தாராம். அவர் பேத்தி பக்கத்துத் தெருவில் என் அறையில் அழுதுகொண்டிருந்தாள். அதற்கு முந்தைய மாதமே எங்களை வேறு வீடு பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

சண்டை முடிந்து இரண்டாம் வருடம், மைதானத்துச் சுவரில் கிளப் ஒரு பித்தளைப் பலகை வைத்தது. ஏழு பெயர், ஆமோஸ் பெயர் மூன்றாவது. எல்லாவற்றுக்கும் மேலே, எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில், பலகையை உபயம் செய்த கிராஸ்டேலின் பெயர். முன்வரிசை நாற்காலிகள் குடும்பத்தாருக்கு. கிளப் காரியதரிசி கையில் பட்டியல் வைத்திருந்தார். லெட்டியைப் பார்த்துவிட்டுப் பட்டியலைப் பார்த்தார்.

"நீங்க பின்னாடி நிக்கலாம்மா. நல்லாத் தெரியும்."

ஆமோஸின் அம்மா முன்வரிசையில் இருந்தாள். திரும்பிப் பார்த்தாள். எழுந்து, கைத்தடியை ஊன்றிக்கொண்டு பின்னால் வந்து, ரோடாவின் கையைப் பிடித்துக்கொண்டு எங்களோடு நின்றாள். அன்றைக்கு அந்த மைதானத்தில் நான் மதித்த ஒரே ஆள்.

பேசவந்த விருந்தாளி ஃபேன்ஷா. இப்போது கேப்டன். நல்ல உயரம், நல்ல குரல், கோட்டில் பதக்கம். கண்ணும் கலங்கத்தான் செய்தது, அதை நான் இல்லை என்று சொல்லமாட்டேன். அவர் அந்தப் பெனால்டிக் கதையைச் சொன்னார். ஆமாம், வாய்கூசாமல் சொன்னார். ஜெயிப்பதைவிட எப்படி ஆடுகிறோம் என்பது பெரிது என்றார். சம்பளத்துக்கு ஆடியவனான ஹிண்டில் அதைப் புரிந்துகொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் தானே போய்ப் பந்தை எடுத்துவந்தான் என்றார். அந்த நிமிடம் ஹிண்டில் ஒரு கனவான் ஆனான் என்றார். ஊர் கைதட்டியது. கிராஸ்டேல் அம்மாள் கைக்குட்டையை எடுத்தாள்.

முடிந்ததும் அவர் ஆமோஸின் அம்மாவைத் தேடிப் பின்னால் வந்து கைகொடுத்தார். பிறகு லெட்டியைப் பார்த்தார்.

"நீங்க ஹிண்டிலுக்கு என்ன உறவு?"

நான் வாயைத் திறந்தேன். லெட்டி என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"ஒண்ணும் இல்ல சார். அந்தச் சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஆகியிருப்பேன்."

அவர் ரோடாவைப் பார்த்தார். குனிந்து பார்த்தார். மூன்று வயதுகூட நிறையவில்லை, அந்தத் தாடையும் காதும் அப்படியே ஆமோஸ். கணக்குப் போட அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"எனக்குத் தெரியாது. கல்யாணம் ஒரு வாரம் தள்ளிப்போகும்னுதான் நினைச்சேன். குழந்தை விஷயம் அவன் சொல்லவே இல்லையே."

"உங்ககிட்டப் போய் அத எப்படி சார் சொல்வாரு?"

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பின்னால் கிராஸ்டேல் தேநீருக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஃபேன்ஷா காதில் விழவில்லை. மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் அந்த ஆளைத் திட்டுவது எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகப் போயிருக்கும்.

"ஆனாலும்..." என்றார், ரொம்ப மெதுவாக. "தெரிஞ்சிருந்தாலும் நான் அத கோலுக்குள்ள அடிச்சிருக்க முடியாதும்மா. என்னால முடியாது. நீங்க புரிஞ்சுக்கணும்."

"புரியுது சார்" என்றாள் லெட்டி. "அவரால முடியும். அதனாலதான் 'நான் அடிக்கிறேனே'ன்னு உங்ககிட்டக் கேட்டாரு."

ரோடாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். நானும் கிழவியும் பின்னாலேயே வந்தோம்.